டிசம்பரில் மட்டும் மைலேஜ் 17.8: நம்ம ஊர் ஹைப்ரிட்டுக்கும் குளிர்காலம் உண்டா?

வெட்டூர்ணிமடத்தான் | டிசம்பர் 29, இரவு 9.40

வண்டி வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. டொயோட்டா ஹைரைடர், ஸ்ட்ராங் ஹைப்ரிட்: பெட்ரோல் என்ஜினோடு பேட்டரி மோட்டாரும் உண்டு, சில நேரம் மோட்டார் மட்டுமே வண்டியை ஓட்டும். 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் பில்லின் பின்பக்கம் மீட்டரைக் குறித்து ஒரு பழைய டைரியில் சொருகி வைப்பேன். இதற்காக வீட்டில் பேச்சு வாங்காத மாதம் கிடையாது. டிஸ்ப்ளே காட்டும் மைலேஜை நான் நம்புவதில்லை, என் வண்டியில் அது எப்போதும் ஒன்றரை கூட்டித்தான் சொல்கிறது. கீழே இருப்பது டேங்க் நிரப்பி, ஓடிய தூரத்தை அடுத்த தடவை பிடித்த லிட்டரால் வகுத்த கணக்கு. ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் கட் ஆனதும் நிறுத்திவிடுவேன்.

இந்த வருடம் ஜனவரியில் லிட்டருக்கு 22.9 கி.மீ. பிப்ரவரி, மார்ச்சில் 22.6. ஏப்ரல், மே வெயிலில் ஏ.சி. நிற்காமல் ஓடி 21.2. ஜூன் மழையில் 21.8. ஐப்பசி மழையில் ரோடெல்லாம் தண்ணீர் நின்றபோது 20.4. இந்த டிசம்பரில் 17.8.

கம்பெனி சொன்ன 27.97 சோதனைக்கூடக் கணக்கு, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் 17.8 என்பது என் பழைய பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்காலத்தில் ஹைப்ரிட் மைலேஜ் இறங்கும் என்கிறார்கள். இங்கேயும் மார்கழிக் குளிர்தான் காரணமா? சர்வீஸில் கேட்டால் "ஓட்டுகிற விதத்தில் இருக்கு சார்" என்று முடித்துவிட்டார்கள்.

ரப்பர்காட்டான், குலசேகரம் | டிசம்பர் 29, இரவு 9.58

ஓய், நாகர்கோவிலில் ஏது குளிர்காலம்? காலையில் 22, 23 டிகிரி. இந்தக் குளிருக்கே டீக்கடையில் மஃப்ளர் கட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்து உம்ம வண்டியும் பழகிவிட்டது போல.

டொராண்டோ நாஞ்சிலான் | டிசம்பர் 30, காலை 6.15

குளிர் என்று யாரோ கூப்பிட்டது போலக் கேட்டது, வந்துவிட்டேன். ஊர் பூதப்பாண்டி, இங்கே வந்து 14 வருடம். இன்று வண்டியை எடுத்தபோது மைனஸ் 14. கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டவே பத்து நிமிடம்.

என்னுடையது ராவ் 4 ஹைப்ரிட். இங்கே 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்றுதான் கணக்கு. கோடையில் 6.2 லிட்டர், நம்ம கணக்கில் 16.1. ஜனவரியில் 8.4 லிட்டர், அதாவது 11.9. கால்வாசிக்கு மேல் போய்விடுகிறது. எனக்கு மட்டும் அல்ல. அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்லியிருக்கிறது: 25 டிகிரியில் கிடைப்பதோடு ஒப்பிட்டால், மைனஸ் 7 டிகிரியில் ஊருக்குள் குறுந்தூரம் ஓடும் சாதாரண பெட்ரோல் காருக்கு 15 சதவீதம் குறையும், ஹைப்ரிட்டுக்கு 30 முதல் 34 சதவீதம் குறையும்.

ஹைப்ரிட்டுக்கு ஏன் அடி அதிகம் என்றால், அதன் பிழைப்பே என்ஜினை நிறுத்தி வைப்பதில்தான் இருக்கிறது. குளிரில் அது நிற்காது. காருக்குள் நாம் வாங்கும் சூடு என்ஜின் வீணாக்கும் சூடு. ஹைப்ரிட் என்ஜின் வீணாக்குவதே குறைவு. அதனால் சிக்னலில் நிற்கும்போதும் நம் கால் சூட்டுக்காகவே அது ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி குளிர்ந்து கிடந்தால், பிரேக் பிடிக்கும்போது மோட்டார் உண்டாக்கும் கரன்ட்டையும் முழுதாக வாங்கிக்கொள்ளாது. போதாததற்கு பனி டயரின் இழுவை, குளிர்காலத்துக்கென்று கலக்கும் பெட்ரோலில் சக்தி கொஞ்சம் குறைவு. மைனஸ் 15 டிகிரி காற்று 25 டிகிரி காற்றைவிட 15 சதவீதம் அடர்த்தி, அதையும் கிழித்துக்கொண்டு போக வேண்டும். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. இறங்கும். கோடையில் அடித்த காற்றோடு ஜனவரிக்கு வந்தால் ஏழெட்டு குறைந்திருக்கும்.

இதில் ஒன்றுகூட வெட்டூர்ணிமடத்தில் கிடையாது, தம்பி. வேறு எங்கேயோ இடிக்கிறது.

பழைய டீசல்காரன், அழகியமண்டபம் | டிசம்பர் 30, காலை 8.02

இதற்கு ஏன் கனடா வரைக்கும் போக வேண்டும்? இ20 பெட்ரோல்தான். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிறோம்.

கணக்கு டீச்சர் | டிசம்பர் 30, காலை 8.30

அண்ணே, இ20-ல் கலப்பது தண்ணீர் இல்லை, 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 10 சதவீதம் கலந்ததிலிருந்து 20 சதவீதத்துக்குப் போனால் மூன்று, நான்கு சதவீதம் இறங்கலாம். 22-லிருந்து 17.8 என்பது 19 சதவீதம். அதுவும் டிசம்பரில் மட்டும் எத்தனால் கூடுமா? அக்டோபரில் பிடித்ததும் அதே பங்க், அதே பெட்ரோல்.

தக்கலை ஒர்க்ஷாப் | டிசம்பர் 30, மதியம் 1.20

சார், மூன்று கேள்வி. டயரில் காற்று எவ்வளவு? டிசம்பரில் மொத்தம் எத்தனை கி.மீ. ஓடினீர்கள்? ஒரு தடவை வண்டியை எடுத்தால் சராசரியாக எவ்வளவு தூரம் போனீர்கள்?

வெட்டூர்ணிமடத்தான் | டிசம்பர் 30, இரவு 8.45

காற்று இன்றுதான் பார்த்தேன். முன்னால் 31, பின்னால் 30. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 33. நிரப்பிவிட்டேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் உறைத்தது. வழக்கமாக மாதம் 1,300 கி.மீ. ஓடும், வீட்டிலிருந்து மார்த்தாண்டம் ஆபீஸ் போக வர 60. டிசம்பரில் 420தான். ஒரு மாதம் நாகர்கோவில் ஆபீசுக்கு டெபுடேஷன் போட்டிருந்தார்கள், வீட்டிலிருந்து இரண்டரை கி.மீ. அதற்கு மேல் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, கேக்குக்குச் சொல்ல, துணி எடுக்க, ஸ்டார் வாங்க, தையல்காரரிடம் நாலு நடை. எல்லாம் இரண்டு, மூன்று கி.மீ.

வில்லுக்குறி, தக்கலை நெரிசல் எல்லாம் இல்லை, தூரமும் குறைவு, மைலேஜ் கூடத்தானே வேண்டும் என்றிருந்தேன்.

தக்கலை ஒர்க்ஷாப் | டிசம்பர் 30, இரவு 10.10

அங்கேதான் இருக்கிறது சார் விஷயம்.

எந்த என்ஜினும் குளிர்ந்து கிடந்து எடுக்கும்போது முதல் சில நிமிடம் பெட்ரோலை அதிகம் குடிக்கும். ஆயில் கெட்டியாக இருக்கும், புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர் சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யும், அதைச் சூடாக்கவே என்ஜின் ஓடியாக வேண்டும். சாதாரண காரில் இது வெளியே தெரியாது, அதில் என்ஜின் எப்போதுமே ஓடுவதால். ஹைப்ரிட்டில் பளிச்சென்று தெரியும். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும், கரன்ட்டிலேயே போகலாம், ஆனாலும் என்ஜின் நிற்காது. என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவம் ஒரு அளவுக்குச் சூடேறிய பிறகுதான் "இனி நான் தேவையில்லை" என்று ஒதுங்கும்.

மார்த்தாண்டம் போகும்போது இந்தச் செலவு 30 கி.மீ.யில் கரைந்துவிடும். இரண்டரை கி.மீ.யில் அந்தச் செலவு மட்டும்தான் மிச்சம். சூடேறி முடிப்பதற்குள் நீங்கள் இறங்கிவிடுகிறீர்கள். மாலையில் ஆறிப்போன என்ஜினோடு மறுபடி முதலிலிருந்து. கனடா அண்ணனுக்கு நடப்பதும் பாதி இதேதான். அவருக்கு மைனஸ் 15-லிருந்து 70 வரை ஏற்ற வேண்டும், 85 டிகிரி. உங்களுக்கு 25-லிருந்து 70, 45 டிகிரி.

காரில் சொருகினால் கூலன்ட் சூடு போன்றவற்றைக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. தக்கலை வழியாகப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களே பார்க்கலாம்.

கருங்கல் புதுசு | டிசம்பர் 31, காலை 7.50

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஹைப்ரிட் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆன்ரோடு விலையில் அதே காரின் சாதா பெட்ரோலுக்கும் ஹைப்ரிட்டுக்கும் இரண்டரை லட்சம் வித்தியாசம் சொல்கிறார்கள். என் ஓட்டம் மாதம் 600 கி.மீ. தேறுமா?

கணக்கு டீச்சர் | டிசம்பர் 31, காலை 9.05

சாதா பெட்ரோல் 14.5, ஹைப்ரிட் 22, பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 கி.மீ.க்கு 41 லிட்டருக்குப் பதில் 27 லிட்டர். மாதம் 1,440 ரூபாய் மிச்சம். இரண்டரை லட்சம் திரும்ப 14 வருடத்துக்கு மேல். ஹைப்ரிட் பேட்டரிக்கு வாரன்ட்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வெட்டூர்ணிமடத்து அண்ணன் போல 1,300 ஓடினால் மாதம் 3,100 மிச்சம், ஆறே முக்கால் வருடத்தில் வந்துவிடும். உங்கள் 600-ம் கருங்கல் சந்தை, சர்ச், பள்ளிக்கூடம் என்று துண்டு துண்டாக இருந்தால் அந்த 22-ம் வராது என்பதை இப்போதுதான் மேலே படித்தோம். காசுக்காக மட்டும் என்றால் வேண்டாம். சத்தமில்லாமல் ஓடுவது பிடித்திருக்கிறது என்றால் அது வேறு கணக்கு, அதை நான் போட முடியாது.

அப்புறம், 12 வோல்ட் பேட்டரியைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் ஹைப்ரிட்தான், எந்த வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. போன மே மாதம் மூன்று வாரம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் கதவே திறக்கவில்லை. அத்தனை பெரிய பேட்டரி இருந்தும் செத்த மாதிரி கிடக்கிறது! ஹைப்ரிட் பேட்டரியை எழுப்பிவிடுவதே அந்தச் சின்ன 12 வோல்ட்தான். அது இறங்கினால் எல்லாம் அம்பேல். சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டுத் தம்பியின் காரிலிருந்து ஜம்ப் வைத்து எடுத்தோம். காரணம் என்ன தெரியுமா? ஸ்மார்ட் சாவியைப் போர்ட்டிகோ சுவரின் உள்பக்க ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தேன். காருக்கும் சாவிக்கும் நடுவே ஒரு சுவர்தான். மூன்று வாரமும் இரண்டும் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன. இப்போது சாவிக்கு அடுக்களை அலமாரியில் இடம்.

ரப்பர்காட்டான், குலசேகரம் | டிசம்பர் 31, மதியம் 12.15

டீச்சர் வாய் திறந்ததால் நானும் என் மானத்தை வாங்கிக்கொள்கிறேன். ஓணத்துக்கு முந்தின வாரம் ஆறு ஏத்தன் (நேந்திரம்) வாழைக்குலை ஏற்றினேன். டிக்கியில் இரண்டுதான் நுழைந்தது, மீதி நாலையும் சாக்கு விரித்துப் பின் சீட்டில் அடுக்கினேன். அருமனை தாண்டியதும் டாஷ்போர்டில் எச்சரிக்கை, பின்னால் ஒரு ஃபேன் 'ஊ' என்று கத்துகிறது. நிறுத்திப் பார்த்தால், பின் சீட்டை ஒட்டி பேட்டரிக்குக் காற்று இழுக்கும் வென்ட்டைச் சாக்கு முழுசாக மூடியிருக்கிறது. குலையை நகர்த்திக் கால்மணி நேரம் ஏ.சி. போட்டு உட்கார்ந்த பிறகுதான் எச்சரிக்கை போனது. வென்ட்டுக்குள் ஒரு ஃபில்ட்டர் இருக்கிறது. கழற்றினால் நாய் முடி, சாக்கு நார், ரப்பர் ஷீட் தூசி, ஒரு எறும்புக் குடும்பம்.

முட்டம் கடலோரம் | டிசம்பர் 31, மாலை 4.30

எங்கள் பக்கம் மைலேஜ் கவலை கிடையாது, துருதான் கவலை. உப்புக்காற்றில் போல்ட் எல்லாம் ஒரே வருடத்தில் சிவந்துவிடும். மாதம் ஒரு தடவை அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் வாட்டர் சர்வீஸ் செய்கிறேன். ஹைப்ரிட்டில் இன்னொரு சங்கதி: பிரேக் பாதியும் மோட்டார்தான் பிடிக்கிறது, பேடு தேயவே மாட்டேன் என்கிறது. தேயாததால் டிஸ்க்கில் துரு உட்கார்கிறது. வாரம் ஒரு தடவை ஆள் இல்லாத ரோட்டில் நாலைந்து தடவை அழுத்திப் பிரேக் பிடித்துத் துடைத்துவிடுகிறேன்.

ஆரல் காற்று | ஜனவரி 1, காலை 11.00

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நான் வாரம் ஒரு முறை ஆரல்வாய்மொழியிலிருந்து திருநெல்வேலி போய் வருகிறேன். மாருதி கிராண்ட் விட்டாரா, ஹைரைடருக்கு உள்ள அதே ஹைப்ரிட் சாமான்தான், இரண்டும் பெங்களூரு பக்கம் பிடதியில் ஒரே ஃபேக்டரியில் வருகிறது. என் டைரியில் டிசம்பர் நல்ல மாதம். எனக்கு ஆனி, ஆடிதான் குளிர்காலம்!

முப்பந்தலில் காற்றாலை வைத்திருப்பது அழகுக்கு இல்லையே. தென்மேற்குக் காற்று கணவாய்க்குள் நுழைந்து கிழக்கே பாயும் மாதங்களில் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பி வரும்போது மூஞ்சியில் அறையும். ஜூலையில் போகும்போது 25, வரும்போது 18.5. அதே ரோடு, அதே நாள், அதே ஆள். 80-ல் போகும் காருக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று என்றால் கார் 120-ல் போவது போலத்தான் காற்று இழுக்கும். காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், ஆகவே இரண்டேகால் மடங்கு. நான்குவழிச் சாலையில் பிரேக்கும் பிடிப்பதில்லை, பேட்டரிக்குத் திரும்பக் கிடைப்பதும் ஒன்றுமில்லை. ஒரே மருந்து 65-ல் வருவது. பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரனில் திட்டுவார், பரவாயில்லை.

பழைய டீசல்காரன், அழகியமண்டபம் | ஜனவரி 1, மதியம் 2.40

இதற்கெல்லாம் பேசாமல் மின்சார காரே வாங்கிவிடலாம்.

கணக்கு டீச்சர் | ஜனவரி 1, மதியம் 2.55

வீட்டில் சார்ஜர் வைக்க இடம் இருந்து, தினமும் ஊருக்குள்ளேயே ஓட்டமென்றால் அதுதான் சரி. அதைத் தனி இழையில் பேசுவோம்.

வெட்டூர்ணிமடத்தான் | ஜனவரி 3, இரவு 9.20

தக்கலைத் தம்பியிடம் ஸ்கேனர் வாங்கி வந்து இன்று காலை பார்த்தேன். அப்படியே எழுதுகிறேன்.

காலை 6.50. கூலன்ட் 26 டிகிரி, பேட்டரி பாதிக்கு மேல். பொத்தானை அழுத்தினேன், ரெடி விளக்கு, சத்தம் இல்லை. மனைவி கேட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆனது. நான் இன்னும் பிரேக்கில்தான் கால் வைத்திருக்கிறேன். கேட்டைச் சாத்தி அவள் ஏறி உட்காரும்போது 38. தெருவில் இறக்கம், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டேன், மற்ற நாளில் மார்த்தாண்டம் ரோட்டில் இப்படி விட்டால் உடனே நின்றுவிடும் என்ஜின், இன்று நிற்கவில்லை. மெயின் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றபோது 55, அப்போதும் ஓடுகிறது. வடசேரி சந்தைக்கு முன்னால் இடம் தேடி ஊர்ந்தபோது 70 தாண்டியது. சட்டென்று அமைதி. "இப்போ நின்னுட்டு பாத்தியளா" என்றாள். அதற்குள் நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். 2.3 கி.மீ., டிஸ்ப்ளேயில் 11.4.

மீன், காய்கறி, ஒரு டீ. முக்கால் மணி நேரம் கழித்து எடுக்கும்போது கூலன்ட் 57. வீட்டுக்குப் போகாமல் அப்படியே சுசீந்திரம், அங்கிருந்து கோட்டாறு சுற்றி வீடு. கடைசி 14 கி.மீ.க்கு 25.1. டிஸ்ப்ளே கணக்குதான், ஒன்றரை கழித்துக்கொள்ளுங்கள்.

ஆக, நாலு வேலைக்கு நாலு தடவை எடுப்பதைவிட ஒரே சுற்றில் முடிப்பது மேல். மனைவி இதைப் பத்து வருடமாகச் சொல்கிறாள், அவள் சொன்னது என் சோம்பேறித்தனத்தைப் பற்றி.

கணக்கு டீச்சர் | ஜனவரி 3, இரவு 9.45

அண்ணே, கோபப்படாதீர்கள். 420 கி.மீ.க்கு 17.8 என்றால் 23.6 லிட்டர். 22.5 கொடுத்திருந்தால் 18.7 லிட்டர். வித்தியாசம் ஐந்து லிட்டர், 500 ரூபாய். மற்ற மாதம் 57 லிட்டர் போடுகிறவர் டிசம்பரில் 24-க்குள் முடித்திருக்கிறீர்கள். 3,400 ரூபாய் மிச்சம் பிடித்த மாதத்தைப் பற்றித்தான் இத்தனை நாளாக அழுதுகொண்டிருக்கிறோம்.

ரப்பர்காட்டான், குலசேகரம் | ஜனவரி 3, இரவு 9.47

டீச்சர், இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே.

டொராண்டோ நாஞ்சிலான் | ஜனவரி 4, காலை 5.30

சொல்லியிருந்தால் ஏத்தன் குலை கதை நமக்குக் கிடைத்திருக்காது.

இரண்டரை கி.மீ. ஆபீசுக்கு நடந்து போகலாமே தம்பி? மைனஸ் 14-ல் நான் ஸ்டேஷனுக்கு அவ்வளவு தூரம் நடக்கிறேன்.

வெட்டூர்ணிமடத்தான் | ஜனவரி 4, காலை 7.10

நீங்கள் நடப்பது பனியில். இங்கே மழையில் முழங்கால் தண்ணீர், மழை விட்டால் நாய்.

வெட்டூர்ணிமடத்தான் | ஜனவரி 31, இரவு 8.30

டெபுடேஷன் முடிந்து ஐந்தாம் தேதியிலிருந்து மறுபடி மார்த்தாண்டம். இன்று டேங்க் நிரப்பினேன்: 22.7. டயர் 33. பேட்டரி ஃபில்ட்டரையும் கழற்றிப் பார்த்தேன், எறும்பு இல்லை.

டொராண்டோ நாஞ்சிலான் | பிப்ரவரி 1, காலை 6.00

நல்லது. 14-ம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறோம், நானும் மனைவியும். அந்த 22.7-ஐ நேரில் பார்க்க ஆசை. பெட்ரோல் என் செலவு. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொண்டு வா, கேரளாவில் விலை கூடுதல்.

வெட்டூர்ணிமடத்தான் | பிப்ரவரி 1, காலை 7.25

கட்டாயம் வருகிறேன் அண்ணே. பெட்டி எத்தனை என்று மட்டும் இப்போதே சொல்லுங்கள். டிக்கியில் பேட்டரி பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது, பெரிய பெட்டி இரண்டுதான் போகும். மூன்றாவதைப் பின் சீட்டில் வைத்தால் குலசேகரத்தாரின் ஃபேன் கத்தும்.

டொராண்டோ நாஞ்சிலான் | பிப்ரவரி 1, காலை 7.31

ஐந்து.